வெளியே போகக் கேட்டது

"சத்தியமா நான் இல்லக்கா!"

"நீ இல்லேன்னா வேற யாருடி? நானா? அவன் பேரைச் சொல்லு!"

இது கட்டுக்கதை இல்லை. எதிர் வீட்டுச் சண்டை, என் இரண்டு காதாலும் கேட்டது. அதற்கப்புறம் நடந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குப் போன தூக்கம் போனதுதான்.

அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். அக்காக்காரி நாலு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவள். நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'ஆடிட்டர் அம்மா'. அவளுக்குத் தெரியாது. கடைக்காரர்களின் கணக்கை எவனாவது திருடிவிடுவான் என்று பயந்து, கம்ப்யூட்டரில் ஃபயர்வால் போட்டிருந்தாள். அது வாட்ச்மேன் மாதிரியாம். வெளியிலிருந்து அழைக்காமல் வருவதை மறிக்கும். உள்ளிருந்து எது வெளியே போனாலும், "விடலாமா, தடுக்கலாமா?" என்று திரையில் ஒரு பெட்டி போட்டுக் கேட்கும்.

போட்ட நாளிலிருந்து, தினமும் இரவு ஏழு பத்துக்கு அந்தப் பெட்டி வந்தது. ஏதோ ஒன்று வெளியே போகப் பார்க்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

ஆடிட்டர் அம்மாவுக்கு இது போதாதா? தங்கைதான் எவனுக்கோ ரகசியமாக என்னவோ அனுப்புகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். தங்கை ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள்.

"இன்னைக்கும் அது வரட்டும். நாளையிலேருந்து வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வீட்டோட கிட!"

துணி கிளிப் விழுந்ததா என்று கேட்கிற சாக்கில் நான் உள்ளே நுழைந்தேன்.

"வாங்க, நீங்களே சாட்சி" என்றாள் அக்கா. கூப்பிடாமல் போனவளுக்கு சோபாவில் இடமும் கிடைத்தது.

தங்கை என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அக்கா கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள். அதன் முன்னாலிருந்த சக்கர நாற்காலி காலி. யாரும் எதையும் தொடவில்லை.

ஏழு பத்து.

டிங்.

"பாத்தியாக்கா? என் கை ரெண்டும் இங்க இருக்கு."

அக்கா மவுஸைப் பிடித்தாள். 'தடு' என்பதை அழுத்தினாள்.

டிங். தடுத்தாள்.

டிங். தடுத்தாள்.

டிங்... டிங்... டிங்... பூட்டின கதவை யாரோ உள்ளிருந்து உலுக்குகிற மாதிரி.

சட்டென்று நின்றது.

க்ரீ...ச்.

நாற்காலி திரும்பியது. மெதுவாக... அக்கா பக்கம்.

அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

அக்கா ஓரடி பின்வாங்கினாள்.

நாற்காலி உருண்டது.

அவள் முழங்காலில் இடித்து நின்றது.

டிங்.

தங்கைதான் பாய்ந்தாள். 'விடு'வை அழுத்தினாள்.

புஸ்...

மெத்தை மேலே எழும்பியது.

அக்கா கூப்பிட்டு, மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தார். இளைஞர், சிரித்த முகம். வயரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"தெருவுல குழி வெட்டினப்ப உங்க லைன் அறுந்துபோச்சே. நேத்து காலையிலேருந்து நெட்டே இல்ல."

"அப்ப எந்த வழியாப் போச்சு?" என்றேன் நான்.

"போனதை விடுங்க. உள்ளேருந்து அனுமதியோட போனதுக்கு வெளியேருந்து பதில் வந்தா, ஃபயர்வால் கேக்கவே கேக்காது. நம்ம ஆளுன்னு விட்டுடும்."

மூன்று பேரும் அந்த நாற்காலியைப் பார்த்தோம்.

ஆடிட்டர் அம்மா அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது கணக்கெல்லாம் கையால்தானாம். தங்கை வேலையை விடாமல் இதே ஊரில் தங்கிவிட்டாள். மறு வருஷம் அந்த ரிப்பேர்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள்; அக்கா அநியாயமாகச் சந்தேகப்பட்டதற்கு ஒரு நியாயமாவது கிடைத்தது. புது வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று கம்ப்யூட்டர். புருஷனுக்குத் தொழிலே அதுதான். இருந்தும் ஒன்றில்கூட ஃபயர்வால் இல்லை.

"ஏம்மா?" என்றேன்.

"இங்கேயும் ஏழு பத்துக்கு அது கிளம்பணும், ஆன்ட்டி" என்றாள். "உள்ள மறிச்சு வெச்சா என்ன ஆகும்னு பாத்தோமே."