கேட்டுக்கு வெளியே ஒரு சல்யூட்

பஞ்சை உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்து இதை எழுதுகிறேன். திருவொற்றியூர் பக்கம், பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கான இலவச ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. இந்த வேலையில் கண்ணும் காதும் திறந்திருக்கும், வாய் மட்டும் திறக்காது. ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

சல்யூட்

ராயபுரத்து அந்தோணி அண்ணன் காலில் துணி சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். சர்க்கரைப் புண். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி துரை அண்ணனும் பழைய பட்டாளத்துக்காரர். பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். காஷ்மீரில் இரண்டு பேரும் ஒரே கூடாரமாம், அந்தோணி அண்ணன் சீனியராம்.

உள்ளே விடுவார் என்று நான் ஒதுங்கி வழிவிட்டால், சல்யூட் அடித்த அதே கையால் கேட்டை மறித்தார். அந்தோணி அண்ணன் எட்டு வருஷத்தில் வேலை வேண்டாமென்று தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். அதனால் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாதவருக்குக் கார்டு இல்லை, கார்டு இல்லாதவருக்கு வைத்தியம் இல்லை. துரை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சல்யூட்டு என் கையில கீதுண்ணே. கார்டு என் கையில இல்ல."

சுபேதார் மேடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் புருஷனுக்கு என்ன ரேங்கோ, பொண்டாட்டிக்கும் அதே ரேங்குதான். வந்த புதிதில் அது தெரியாமல் ஒரு அம்மாவை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். சுபேதார் மேடம் என்று சொல்லணுமாம்.

அன்றைக்கு அவரும் மூட்டு வலி மாத்திரைக்கு உட்கார்ந்திருந்தார். வெளியே கிடந்த அந்தோணி அண்ணனைப் பார்த்து, பாவம், உள்ளே விட்டால் என்ன என்று நர்ஸ் சொன்னதும் மேடத்துக்கு முகம் மாறிவிட்டது. காலடிப்பேட்டையில் இரண்டு பிள்ளையையும் தனியாகப் பெற்றவர். மாமனார் செத்தபோது புருஷனுக்கு லீவு கிடைக்காமல், இவரே ஆள் சேர்த்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்தாராம். கோபப்படலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. அவர் கேட்டது இது: "பாதியில வந்தவருக்கும் இதே கார்டுன்னா, கடைசி வரைக்கும் தனியாக் கெடந்த எனக்கு இன்னா மரியாத?"

கால்

மறுநாள் அந்தோணி அண்ணனை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு, மீன் விற்கும் அவர் சம்சாரம் பிலோமினா அக்கா மட்டும் கேட்டுக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லையாம். புண் கறுத்துவிட்டது, இன்னும் தள்ளிப் போட்டால் பாதத்தையே எடுக்கணும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா கடலோடு போனதும், தங்கச்சிகளுக்குச் சோறு போடப் பட்டாளத்தை விட்டு வந்த மனுஷர் அந்தோணி அண்ணன். காஷ்மீர் பனியில் வெந்ததும் இதே கால்தானாம்.

அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. வீட்டில் என் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதுகூட அந்த வார்த்தைதான் என் காதில் கேட்கிறது: "பனியில நின்னுகினு இருந்தப்ப அது கவர்மெண்ட் காலு. புண்ணு வந்ததும் எங்க காலா?"

மொத்தத்தில் நான் கண்டது, ஆள் எடுக்கும்போது நகக்கண் வரைக்கும் உடம்பைப் பார்க்கிறவர்கள், அதே ஆள் நோயோடு வந்தால் கார்டை மட்டும்தான்... இருங்க, அந்தோணி அண்ணன் ஆட்டோ மறுபடி வந்து நிற்கிறது, துரை அண்ணன் கேட்டிலிருந்து கூப்பிடுகிறார், "சுமதி, வீல்சேர எட்த்துகினு வா, அண்ணன உள்ள இட்டுகினு போலாம், எவன் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்" என்று, நான் போய்