ஒண்ணும் ஆவாது

பக்கத்து ஏரியாவான நீலசந்திராவிலிருந்து சைக்கிளில் வந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளினார் ஆதிகேசவன். யாரைத் தள்ளினாலும், "ஒண்ணும் ஆவாது, ஆராமா, நிம்மதியா இருங்க" என்பார். காலே போனவரிடமும் அதே பாட்டுதான். நர்ஸான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேற வார்த்தையே தெரியாதாண்ணா?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன்.

1998இல் என் பிரசவம் சிக்கலாகி, ஆபரேஷனுக்கு என்னையே தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் வரைக்கும் வாயே திறக்கவில்லை. என் நிலைமை அவ்வளவு மோசமா என்று பயந்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏண்ணா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"உங்களுக்குத்தான் அது புடிக்காதே, சிஸ்டர்."

"சொல்லித் தொலைங்கண்ணா!"

சொன்னார். ஆராமாகக் கண்ணை மூடினேன்.