ரோசலின் அக்கா எங்கள் நிதியில் சேர்ந்த கதை: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

2009 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினேன். நானும் கல்லூரி நண்பன் குமரனும் வறுமை ஒழிப்புக்கு ஒரு நிதி தொடங்குவதாக இருந்தோம். குமரன் டொரண்டோவில் இருக்கிறான். அவனோடு அங்கே வேலை பார்த்த வாஞ்சிரு என்ற பெண் தன் ஊரான நைரோபிக்குத் திரும்பியிருந்தார். மூன்று நாட்டிலும் பணம் திரட்டுவது, எந்த நாடானாலும் உதவி எட்டாத ஊருக்குக் கொடுப்பது, இதுதான் திட்டம். முதல் ஊரைப் பார்த்து வரும் வேலை என்னிடம் வந்தது. சென்னையில் இருப்பவன் நான் ஒருவன்தானே.

கோயம்பேட்டிலிருந்து பாண்டிச்சேரி வழியாகக் கடலூர் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். காலை ஆறு மணி பஸ் பத்தரைக்கு இறக்கிவிட்டது. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து முதுநகர் போய், துறைமுகம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துக்கு நடந்தேன். ரோசலின் அக்கா அங்கே மகளிர் குழுத் தலைவி, மீன் வியாபாரி. சுனாமியில் ஏழு வயது மகனைப் பறிகொடுத்தவர். தெரிந்தவர் ஒருவர் மூலம் அறிமுகம்.

குப்பத்துக்கு என்ன தேவை என்று கேட்டேன். குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் பேசினார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. நாங்களும் மாசாமாசம் கட்டறோம். எங்களையும் மெம்பரா சேத்துக்குவீங்களா?"

பெரிய தொகை தருபவர்கள் மட்டுமே முடிவெடுக்கும் குழுவில் இருக்கலாம் என்பது குமரன் எழுதிய விதி. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"சுனாமி அப்ப யாரு யாரோ குடுத்தாங்க. பேருகூடத் தெரியாது. நாம யாருக்காவது குடுக்கணும்னு தோணிக்கிட்டே இருக்கு," என்றார்.

உதவி எட்டாத இடம் ஒன்றைக் காட்டுகிறேன் என்று மறுநாள் காலை அவரும் என்னோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து கிள்ளை சாலையில் ஷேர் ஆட்டோ. கழிமுகத்தின் ஓரமாக இருந்த இருளர் குடியிருப்பில் சிலரிடம் அக்கா இறால் வாங்குவது வழக்கம்.

அஞ்சலை என்ற பெண் அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறினார். பறி எனப்படும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். விரலெல்லாம் கீறல்.

"சுனாமி அப்ப இங்க யாரும் வரலியா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க. படகு போச்சான்னு கேட்டாங்க. எங்களுக்கு ஏது படகு? போய்ட்டாங்க."

வலை கிடைத்தால் நல்லது என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மாலை ஆறரைக்குச் சிதம்பரம் மேலவீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஸ்கைப்பில் பேசினோம். இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஒரு ஹெட்போனை நானும் அக்காவும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். வாஞ்சிருவுக்கு நான் மொழிபெயர்த்தேன்.

குமரன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உதவி வாங்கற எடத்துல இருக்கறவங்களே முடிவும் எடுத்தா, பணம் குடுக்கறவங்க நம்புவாங்களா?"

"நான் எனக்குக் கேக்கல தம்பி. அஞ்சலை மாதிரி ஆளுங்க விடுபட்டுப் போறது அங்கேர்ந்து பாத்தா தெரியுமா? இங்க இருக்கற எங்கள்ல ஒருத்தி உங்களோட இருக்கட்டுமேன்னு கேக்கறேன்."

வாஞ்சிரு சம்மதித்தார். நானும் சம்மதித்தேன். குமரன், "உங்களுக்குச் சரின்னு பட்டா செய்ங்க. இத வச்சு நாலு பேர்கிட்ட பணம் கேட்டு நிக்க என்னால முடியாது," என்றான்.

அவன் விலகினான். வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி அவன் நண்பர்கள் தருவதாக இருந்தது, அதுவும் போயிற்று. பதினைந்து வருட நட்பு. இப்போதும் பேசிக்கொள்கிறோம், பிள்ளைகளைப் பற்றி. நிதியைப் பற்றி அவன் கேட்பதில்லை. அவன் பயந்ததில் நியாயம் இல்லையென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படி ஒரு வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடலூரில் ஒரு நாள், சிதம்பரத்தில் ஒரு நாள் போதாது. நான் மறுபடி இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே முன்னூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், கிள்ளைப் பக்கம் பாதை தண்ணீரில் கிடக்கும். கேமராவைப் பையிலேயே வையுங்கள். கையில் பணம் வராமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த ஆண்டு ஆடியில், நினைத்ததைவிட மிகச் சிறியதாக, நிதி தொடங்கியது. முடிவெடுக்கும் குழுவில் நாங்கள் மூவர்: நான், வாஞ்சிரு, ரோசலின் அக்கா. கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வாஞ்சிருவோடு ஸ்கைப்பில் நடத்திய முதல் கூட்டத்தில் இரண்டு ஊர்கள் பேச்சுக்கு வந்தன: கென்யாவில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்று, அஞ்சலையின் குடியிருப்பு. இரண்டாவதை எடுத்ததும் ரோசலின் அக்கா எழுந்தார்.

"அவுங்ககிட்ட நான் எறா வாங்கறவ. இதுல நான் சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நானும் வாஞ்சிருவும் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வலைகளுக்குப் பணம் தருவதென்று முடிவெடுத்தோம். கதவைத் திறந்தேன். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சொன்னேன்.

"அஞ்சலகிட்ட நானே சொல்லட்டுமா?" என்று கேட்டார்.