ஏழாவது கணவாயின் தமிழ்க்குரல்

அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் மொத்தமே மூன்று பேர். என் அக்கா ரோஹிணி, அவள் புருஷன் தனசேகர் மாமா, ஆந்திராவில் இருக்கிற இந்தப் புத்தூரில் கேபிளும் நெட்டும் இழுத்துக் கொடுக்கிற நான். நாலாவது ஆளைச் சேர்க்க நான் கரடியாய்க் கத்தியதுதான் மிச்சம்.

மாமா சென்னையில் டப்பிங் பேசியவர். பேர்தான் பெத்த பேர். அடிவாங்குகிறவன், கூட்டத்தில் கூச்சல் போடுகிறவன், கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறவன், இவர்களுக்கெல்லாம் அவர்தான் குரல். பெரிய வேஷத்துக்கு மைக் முன்னால் நிறுத்தினால் வாய் தவறி "வந்துக்கினு" என்று விழுந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பார்கள். அங்கே அவர் ஆந்திராக்காரர், இங்கே வந்தால் தெலுங்குக்காரர்கள் வாயில் 'அரவம்', அதாவது தமிழ்க்காரர். வீட்டில் கூட அளந்துதான் பேசுவார். போனில் வீடியோ எடுக்கிறபோதும் அவர் போனைப் பிடிக்கிற ஆள், பேசுகிற ஆள் இல்லை.

அப்போதுதான் 'ஏழாவது கணவாய்' மறுபடி வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் டிவியில் வந்த சாகசத் தொடர் அது. மலையில் தொலைந்தவர்களைத் தேடிப்போய்க் கூட்டிவருகிற வழிகாட்டியின் கதை. அந்த ஆள் பாறைக்குப் பாறை தாவுவான், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். இத்தனை வருஷம் கழித்து, நரைத்துப்போன அதே நடிகரை வைத்து ஏதோ ஒரு ஆப்புக்காகத் தெலுங்கில் எடுத்தார்கள். தமிழுக்கு மாற்றினார்கள். சீந்துவார் இல்லை. சீந்துவார் இல்லாததால்தான் கதாநாயகனின் தமிழ்க்குரல் மாமாவுக்குக் கிடைத்தது, அவர் பேச்சைத் திருத்தவும் ஆள் இல்லாமல் போயிற்று. எப்படியோ முடித்துக் கொடு என்று விட்டுவிட்டார்கள். மாமா முதல் தடவையாகத் தன் வாயால் பேசினார்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான தொடர். ஒரு பள்ளம் வருகிறது. பழைய தொடரில் ஒரே தாவாகத் தாண்டிய அதே பள்ளம். கிழவர் விளிம்பில் நிற்கிறார், எட்டிப் பார்க்கிறார், உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார். கூட வந்த பெண்ணிடம், "சுத்திக்கினு போலாம் வா. இன்னா அவசரம்?" என்கிறார். அடுத்த ஒரு பாகம் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். போய்ச் சேரும்போது தேடின ஆள் செத்துக் கிடக்கிறான். கிழவர் விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, குளிருதா என்று அவனிடம் கேட்கிறார். மாமா குரலில் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். தெருவில் சொன்னால், கிழவன் நடப்பதை எவன் பார்ப்பான் என்று சிரித்தார்கள். போங்கடா, நீங்களும் உங்கள் ரசனையும்.

மறு வருஷம் மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். திருப்பதியில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாகத்தான். எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் புத்தூருக்குக் கட்டுப் போட வருகிறார்கள். குரலுக்குப் போட ஒரு கட்டு இங்கே கிடையாது.

அதற்கப்புறம் அக்காவுக்குப் புருஷன் குரல் அந்த ஆப்பில் மட்டும்தான். தினமும் சமைக்கும்போது தொடரைப் போட்டுவிடுவாள். அடுப்படியிலிருந்தே அதற்கு "ம்" கொட்டுவாள், சில சமயம் எதிர்த்தும் பேசுவாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பார். சண்டை சச்சரவோடு வீடு வீடாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டால் கிழவர் தெலுங்கில் பேசுகிறார். ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டோம் என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். தேடினேன். தமிழ் இல்லை. ஆப்காரர்களுக்குப் போன் போட்டேன். பார்க்கிறவர்கள் குறைவு, அதனால் தமிழ் ஆடியோவை எடுத்துவிட்டோம், தெலுங்கில் பார்க்கலாமே சார் என்றாள் ஒரு பெண், ரொம்ப மரியாதையாக. அது என் மாமாவின் குரல் அம்மா, அவருக்கு இப்போது குரல் இல்லை என்றேன். புகாராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது, போனை வைத்துவிட்டேன். சென்னைக்குப் போய்ப் பார்த்தேன். டப்பிங் பேசின ஸ்டுடியோவை மூடி வருஷமாகிவிட்டது, அந்த இடத்தில் ஜிம் நடக்கிறது. கத்தை கத்தையாகச் சேனல்களை ஊர் பூராவும் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். ஒரு மனுஷன் குரலை அவன் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வெறுங்கையோடு திரும்பி விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் கிடைக்காது என்று புட்டுப் புட்டு வைத்துவிட்டேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். "பரணி, அதப் போட்டுட்டு சத்தத்த சுத்தமா கொறைச்சிடுடா" என்றாள்.

போட்டேன். கிழவர் செத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வாய் அசைந்தது. அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. புருஷன் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமலே.

"எனக்குக் கேக்குதுய்யா" என்றாள். "எல்லாம் அப்டியே கேக்குது."

மாமா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. அக்காவுக்குத் தெரியவில்லை.