மணவாளன் அண்ணாத்தேயின் வலது டேங்க்

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தது வெள்ளைக்கார அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டதால் அதை நம்பவேண்டிய கட்டாயம் எனக்கில்லை. கொரட்டூர் ஏரிக்கு மேலே பருந்துகள் வட்டமடிப்பது மீனுக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிடையாது. எங்கள் மணவாளன் அண்ணாத்தேயிடம் பாடம் கேட்க வரிசையில் நிற்கின்றன. அவர் தும்மினால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதம். அவர் துடைத்துப் போட்ட எண்ணெய்த் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காற்றே பூந்தமல்லிப் பக்கம் போகும்.

பறந்திருக்கிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள். டேங்க் ஒழுகுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவர் ஃபிட்டர். காலையில் சைக்கிளில் போவார். சாயந்திரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். ஏறி மிதிக்கத் தெம்பிருக்காது. வந்ததும் வீட்டுக்குள் போகாமல், எங்கள் பெட்டிக்கடைக்கு எதிரே மூடிக்கிடக்கும் அரிசி மில்லின் குடோனைத் திறப்பார். உள்ளே நிற்கிறது, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். வரைபடத்தைத் தபாலில் வரவழைத்து, எண்பத்தைந்தில் ஆரம்பித்தார். இப்போது தொண்ணூற்று மூன்று. நான் டவுசரிலிருந்து லுங்கிக்கு வந்துவிட்டேன், விமானம் குடோனை விட்டு வரவில்லை.

ஒருமுறை அட்டையில் 'பூந்தமல்லி, வழி கரையான்சாவடி' என்று எழுதி அதன் மூக்கில் மாட்டிவிட்டேன். தெருவே சிரித்தது. அவர் பார்த்தார், கழற்றவில்லை. ஒரு மாதம் அப்படியே தொங்கியது.

"இன்னா அண்ணாத்தே, போர்டு நல்லாகீதா?" என்றேன்.

"கண்டக்டர் எங்கடா?" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சில்லை.

விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். இடது டேங்க் நல்ல பிள்ளை. வலதுதான் அவர் ஆயுசைக் குடித்தது. முதலில் அலுமினியத் தகட்டை மடித்து ரிவெட் ஆணி அடித்துச் செய்தார், மடிப்பில் கசிந்தது. உள்ளே ஏதோ மருந்தை ஊற்றி, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் உருட்டி உருட்டிப் பூசினார், நின்றது. சில மாதம் பெட்ரோலில் ஊறியதும் அந்த மருந்து, வெயிலில் வெந்த தோல்போல உரிந்து, வடிகட்டியை அடைத்தது. என்ஜின் இருமி இருமி நின்றுபோனது. தரையில் நிற்கும்போதே இருமியதால் பிழைத்தார். அடுத்து, மடிப்பை வெல்டிங் வைத்துப் பார்த்தார். இரும்பு என்றால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அந்த மரியாதையெல்லாம் தராது, சொல்லாமல் உருகி ஓட்டையாகிவிடும். கடைசியில் புதுத் தகடு வாங்கி, ஒவ்வொரு ரிவெட்டையும் பசையில் தோய்த்துத் தோய்த்து அடித்தார். பட்டறையில் எட்டு மணி நேரம், இங்கே மீதி நேரம். அடிக்கும்போதே கண் சொருகும். சுத்தியல் கட்டை விரலில் விழுந்ததும் விழிப்பார்.

இந்த நேரம் பார்த்து, மில்காரர் இடத்தை ஃபிளாட் கட்ட விற்றுவிட்டார். பொங்கலுக்குள் குடோனைக் காலி செய்ய வேண்டும். காலி செய்து எங்கே கொண்டுபோவது? அவர் வீட்டில் விமானத்தின் வாலை வைக்கவே இடமில்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களின் சங்கம் ஒன்றிலிருந்து இராமகிருஷ்ணன் என்று ஒருவர் வந்து பார்த்தார். அவர்களுக்குச் சொந்தமாகப் பெரிய கொட்டகை இருக்கிறது.

"இடம் தரேன் மணவாளன். ஆனா உங்க டேங்க் ஒழுகக்கூடாது. எங்க விமானமும் அங்கதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை வரேன், என் எதிர்ல பெட்ரோல் ஊத்துங்க. ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் என்னால முடியாது."

முடியாது என்றால் அடுத்த ஆள் பழைய இரும்பு வியாபாரி முனியன்தான். அவர் ஏற்கெனவே ஒருநாள் வந்து இறக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அலுமினியந்தானே?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

டேங்க்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லா வாயையும் அடைத்துவிட்டு, ஒரு குழாயில் மட்டும் பலூனைக் கட்டி, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடிப்பார்கள். காலை வரை பலூன் நின்றால் டேங்க் உத்தமம். சூம்பிப்போனால் எங்கோ ஓட்டை. பலூன் எங்கள் அம்மாவின் கடையிலிருந்துதான் போகும். கதவைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று சிவப்பாகக் கேட்பார்.

"யாருக்கு நைனா பொறந்த நாளு?" என்று அம்மா தினமும் கேட்கும்.

"டேங்குக்கு," என்பார் அண்ணாத்தே.

தினமும் காலையில் பலூன் செத்த ஓணான்போலத் தொங்கும். அவர் ஷேவிங் பிரஷில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒவ்வொரு ரிவெட்டிலும் பூசி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வராது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போவார்.

புதன்கிழமை அவர் மனைவி லோகநாயகி அக்கா சோப்பு வாங்க வந்தது. "டேங்கு ஒழுவட்டும், ஒழுவாம போவட்டும். அந்த மனுசன் கண்ண மூடி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? படுத்துகினே ஆணி எண்ணுது," என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது.

எனக்கு யார் தூங்கினால் என்ன, தூங்காவிட்டால் என்ன. ஆனால் வியாழக்கிழமை விடிகாலை பால் பூத்துக்குப் போகிற வழியில் குடோன் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பலூன் சூம்பித்தான் கிடந்தது. ஜன்னலில் ஒரு கம்பி கிடையாது. கை நீட்டினால் இறக்கை எட்டும். கடையிலிருந்து ஒரு சிவப்புப் பலூனை எடுத்து வந்து, வாயால் ஊதி, கழுத்தை நூலால் இறுக்கி, சூம்பியதைக் கழற்றிவிட்டு அதே குழாயில் மாட்டிவைத்தேன்.

அவர் வந்து கதவைத் திறந்தார். பலூனைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிக்கவில்லை. அருகில் கிடந்த சாக்கின் மேல் உட்கார்ந்தார், சாய்ந்தார், அப்படியே தூங்கிவிட்டார். அன்றைக்குப் பட்டறைக்குப் போகவில்லை. லோகநாயகி அக்கா சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எழுப்பாமல் போனது.

வெள்ளியும் சனியும் அதேபோல் மாற்றினேன். சனிக்கிழமை காலை பலூனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "போதும்டா. நாளைக்கு பெட்ரோல் ஊத்திடலாம்," என்றார். நல்லது என்று சொல்லிவிட்டுச் சாயந்திரம் சினிமாவுக்குப் போனேன். படம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இராமகிருஷ்ணன் வந்துவிட்டார். இறக்கைக்கு அடியில் செய்தித்தாளை விரித்தார்கள். அண்ணாத்தே துணி கட்டிய புனலை வைத்து, கேனைத் தூக்கினார்.

"அண்ணாத்தே, இன்னும் ஒருநாள் பலூன் கட்டிப் பாக்கலாமே," என்றேன்.

"ஏன், உங்கம்மா கடையில யாவாரம் டல்லா?"

"இல்ல, அப்புறமா ஊத்தலாமேன்னு."

"சார் காட்டுப்பாக்கத்துலேந்து ஸ்கூட்டர்ல வந்துகிறாரு. அவர நாளைக்கும் வர சொல்றியா?"

ஊற்ற ஆரம்பித்தார். பெட்ரோல் குளுகுளுவென்று இறங்கியது. நான் வெளியே ஓடி, ஃபிளாட்டுக்காகக் கொட்டியிருந்த மணலில் ஒரு பக்கெட் அள்ளிக்கொண்டு வந்து இறக்கைக்குக் கீழே நின்றேன். யாரோ பீடி பற்றவைக்க வந்தான். அவன் வாயிலிருந்தே பிடுங்கிப் போட்டேன். கேன் காலியானது. இராமகிருஷ்ணன் மண்டி போட்டு மடிப்புகளில் விரலை ஓட்டி, விரலை முகர்ந்தார். காத்திருந்தார். டீ வந்தது, குடித்தார். மறுபடி தடவினார். செய்தித்தாள் காய்ந்தே கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொங்கலுக்கு முன்னாடி லாரி வெச்சுக் கொண்டுவந்துடுங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

குடோனில் நாங்கள் இருவர்தான். அண்ணாத்தே சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் அந்தச் சாக்கில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"நேத்து சாயந்திரம் டேங்க கழட்டி மாட்டுத்தொட்டி தண்ணியில முக்கினேன்," என்றார். "அடியில குழா உக்கார்ற எடத்துல ஒரு ரிவெட்டு. சோப்புத் தண்ணி போவாத எடம். ஊசி மொனையாட்டம் கொமிழி உட்டுச்சு. தட்டி, பசை வெச்சு, திரும்ப முக்கிப் பாத்துட்டுதான் மாட்டினேன்."

"அதான் பலூன் நின்னுச்சே அண்ணாத்தே. இன்னாத்துக்கு முக்கின?"

அவர் என்னையும் பக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்ளோ நல்ல டேங்கா இருந்தாலும் விடியறதுக்குள்ள பலூன் கொஞ்சம் வாடும்டா வேம்புலி. ரப்பரு அப்டித்தான். வியாயக்கெழம காலையில அது என்னவிட தெம்பா நின்னுகினு இருந்துச்சு."

"அப்பவே தெரியுமா? அப்ப இன்னாத்துக்கு தூங்குன?"

"தூக்கம் வந்துச்சு, தூங்குனேன்," என்றபடி சாக்கில் சாய்ந்து கண்ணை மூடினார். "பக்கெட்ட கீழ வையி. இன்னும் தூக்கிகினே நிக்கிற."