நடுக்கடலில் பட்டினி

மயிலாப்பூர் ஹம்சா பல வருடங்களாகச் சிறுவர்களுக்குக் கடல் சாகசக் கதைகள் எழுதுகிறார். அவர் கதைகளில் புயல் அடிக்கும், பாய்மரம் முறியும், கொள்ளையர்கள் கத்தியோடு கப்பலில் ஏறுவார்கள். ஹம்சா இதுவரை ஒரு படகில்கூட ஏறியதில்லை. அதை யாரும் குறையாகச் சொன்னதும் இல்லை.

போன மாதம் நொச்சிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகவிருந்த கதையிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். கப்பல் உடைந்து மாலுமிகள் தெப்பத்தில் மிதக்கிறார்கள். கடைசி அரிசியும் தீர்ந்துவிட்டது. பசியில் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள்.

முன்வரிசையிலிருந்த ரெனிட்டா என்ற சிறுமி கை தூக்கினாள்.

"மிஸ், அவங்க ஏன் பட்டினி கெடக்குறாங்க? சுத்தி மீனாத்தான கீது?"

ஹம்சா வாசிப்பை அங்கேயே முடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து தன் பழைய புத்தகங்களைப் புரட்டினார். எந்தக் கப்பலிலும் யாரும் மீன் தின்றிருக்கவில்லை. அரிசியும் பருப்பும் மாவடுவும் இருந்தன. ஒரு கொள்ளைக் கப்பலில் பெருங்காயம்கூட இருந்தது.

"மீன் பிடிச்சுச் சாப்டறான்னு எழுதிட்டாப் போச்சு," என்றார் கணவர் ராகவேந்திரன். "நம்மாத்துல சமைக்கவா சொல்றா?"

அன்றே ஹம்சா கதையைத் திருத்த உட்கார்ந்தார். கப்பல் தலைவன் தூண்டில் போட்டான். முழங்கை நீள மீன் ஒன்று தெப்பத்தில் விழுந்து துடித்தது. மாலுமிகள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹம்சா பேனாவை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

அடுத்த வரியில் தூரத்தில் ஒரு கரை தெரிந்தது. கரையில் வாழை மரங்கள் குலை தள்ளியிருந்தன.