வெட்டிவேர்த் தட்டியும் பாவாவின் பீடியும்

என் மகன் அரக்கோணத்தில் தணிக்கை ஆபீஸ் வைத்திருக்கிறான். போன வாரம் அங்கே ஏசி மாட்டுவதற்கு ஒரு கம்பெனிப் பையன் அளவெடுக்க வந்திருந்தான். எண்பதைத் தாண்டியவனுக்கு வேறு என்ன வேலை, ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மிஷின் கோடையில் குளிர வைக்குமாம், மார்கழியில் சூடும் கொடுக்குமாம். எங்கள் பக்கத்தில் சூட்டைப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறவன் யாரப்பா என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறக்க அசதியாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஜன்னலையும் சுவரையும் அளந்து முடித்தவன் என் மகனிடம் கேட்டான்: "ஆபீஸ்ல யாருக்காவது வீசிங் இருக்குதுங்களா சார்? இருந்தா காத்து நேரா மேல படாத மாதிரி மாட்டிடலாம்."

அவனுக்கு அது தினமும் கேட்கிற கேள்வி. எனக்கு மட்டும் அதன் பிறகு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் காலத்து ஆபீசில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் பொய்தான் சொல்லியிருப்பார்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்போது எங்களுக்குச் சித்தூர்தான் ஜில்லா. திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு மெத்தை வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து ரேஷன் ஆபீஸ் வைத்திருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத வயதில் நான் அங்கே தற்காலிகக் குமாஸ்தா. காலையெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் பாறை, மத்தியானத்துக்கு மேல் அதை அப்படியே எங்கள் மாடியில் கொண்டுவந்து கொட்டும். எழுதுகிற கை வியர்த்து, மை கலைந்து, பாவம், யாரோ ஒருவர் குடும்பத்தில் இரண்டு பேர் கார்டிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். அவர்கள் கீழே வந்து நின்று கத்துவார்கள். நாங்கள் மேலே உட்கார்ந்து விசிறிக்கொள்வோம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை.

என் பக்கத்து மேஜை பாவாவுடையது. பாவா என்றால் என் அக்கா புருஷன். ஆர்.கே.பேட்டையில் நெசவுக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே அவருக்கு மூச்சு இழுப்பு. தறியில் உட்கார்ந்தால் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மீனை வெளியே எடுத்துப் போட்ட மாதிரி வாயைத் திறந்து மூடுவார். இன்னும் கொஞ்ச நாள் தறியில் இருந்தால் ஆள் தேறமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஏதோ பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்ததால் இந்த உத்தியோகம் கிடைத்தது. அதுவும் தற்காலிகம்தான். எங்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்குச் சித்தூர் பெரிய டாக்டர் உடம்பைச் சோதித்துச் சரியென்று சொல்ல வேண்டும். யாரைச் சித்தூருக்கு அனுப்புவது என்பது ஹெட்கிளார்க் கையில் இருந்தது. பாவா தன் இழுப்பைப் பற்றி ஆபீசில் மூச்சு விடவில்லை.

அந்தக் கோடையில் ஆபீசைக் குளிர வைக்க ஏதாவது செய்துகொள்ளலாம் என்று சித்தூரிலிருந்து அனுமதி வந்தது. ஹெட்கிளார்க் எங்களையெல்லாம் கூட்டிவைத்து யோசனை கேட்டார். மனிதர் நல்லவர், ஆனால் எதையும் தானாக முடிவு செய்து பழியைத் தலையில் போட்டுக்கொள்ளமாட்டார். அரக்கோணத்தில் ஒரு ரயில்வே துரை விட்டுப்போன விசிறி விலைக்கு வருகிறது, மண்ணெண்ணெய் ஊற்றினால் தானே சுற்றும் என்றார் முதலில். எங்கள் பியூன் மஸ்தான் பாய் பதறிப்போனார்.

"கிருஷ்ணாயில் இல்லன்னு ஊர திருப்பி அனுப்பிகினு, நாம அத ஊத்தி காத்து வாங்கினா கல்லால அடிப்பாங்க சார்."

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, கூரையில் தொங்கவிட்டு ஆள் வைத்துக் கயிற்றால் இழுக்கிற துணிப் பங்கா. இன்னொன்று, ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் அடிப்பது. ஈரக்காற்று பட்டால் பாவா என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அக்கா அவரைத் தலையணை அடுக்கி உட்கார வைத்திருப்பதைப் பார்த்தவன் நான். அதனால் முந்திக்கொண்டேன். "பங்காவே போடலாம் சார். தட்டின்னா கார்டெல்லாம் ஈரமாயிடும்."

பாவா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கார்டு அலமாரியில இருக்குது சார். வெட்டிவேருதான் ஒடம்புக்கு நல்லது. அதையே போடுங்க."

எல்லாரும் ஆங் ஆங் என்றார்கள். முடிந்தது விஷயம். படியில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் பாவா இப்படிச் சொன்னீங்க?"

"வேணான்னா ஏன் வேணான்னு கேப்பாங்க மச்சான். தெரிஞ்சிபோனா என்ன சித்தூருக்கு அனுப்புவாங்களா? திரும்ப தறிதான். உங்க அக்காகிட்ட இத சொல்லாத. வேலைய விட்டுடுன்னு அழுவா."

சொல்லமாட்டேன் என்றேன்.

தட்டி வந்தது. சொல்லக்கூடாதுதான், சுகமாக இருந்தது. மஸ்தான் பாய் வாளியோடு வந்து தண்ணீரை வாரி அடித்ததும், புது மண்ணும் கோயில் தீர்த்தமும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும்பும். நெருப்புக் காற்று தட்டிக்குள் நுழைந்து சாதுவாக இந்தப் பக்கம் வரும். ஹெட்கிளார்க் கண்ணை மூடிக்கொள்வார். நான் பாவாவைப் பார்ப்பேன். அவர் தோள் மெல்ல மேலே ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், பேனா மட்டும் நிற்காது.

முடியாமல் போனபோது எழுந்து வெளியே மொட்டை வெயிலில் போய் நிற்க ஆரம்பித்தார். காய்ந்த காற்றில் நெஞ்சு கொஞ்சம் திறக்கும். ஆனால் குளுகுளு ஆபீசை விட்டு ஒருவன் வெயிலில் போய் நின்றால் கேட்காமல் இருப்பார்களா? அதற்கும் வழி கண்டுபிடித்தார். மஸ்தான் பாயிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரியவர்கள் முன்னால் குடிக்கக்கூடாது என்று வெளியே வந்திருக்கிறாராம். உண்மையில் புகையைத் தன் முகத்துக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்திருப்பார். ஹெட்கிளார்க்குக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"அந்தக் கருமத்த வுட்டு ஒழிப்பா. அதனாலதான் உனக்கு இந்த இருமல்."

"வுட்டுடறேங்க" என்பார் பாவா, பணிவாக.

கடைசியில் என்னையும் பாவாவையும் சித்தூருக்கு அனுப்பினார்கள். ஊரே வறண்டு வெடித்துக் கிடந்த நாள் அது. பாவாவின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கிறதே என்று என்னைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார். ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது பாவா சட்டைப் பையிலிருந்து பீடி எடுத்துப் பற்றவைத்தார். எங்களைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

"இனிமே எதுக்கு பாவா இது?"

"மொதல்ல கையிலதான் வச்சிகினு இருந்தேன். வீணா எரியுதேன்னு ஒருநாள் இழுத்துப் பாத்தேன் மச்சான்" என்று சிரித்தார். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

வேலை நிரந்தரமானது. பிறகு பல ஊர்கள், பல ஆபீஸ்கள், தலைக்கு மேலே மின்விசிறியும் வந்தது. தட்டி போயிற்று, பீடி போகவில்லை. இழுப்பும் பீடியும் சேர்ந்து அவரை ஓய்வு பெறும் வயதுக்கு வெகுமுன்பே கொண்டுபோய்விட்டன. தறியிலிருந்து தப்பித்து வந்த மனிதர். நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

அக்கா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம், "ஆபீசுக்குப் போறதுக்கு முன்னால அவருக்கு வெத்தல கூட போடத் தெரியாது. உன்கூட சேந்துதான் பீடி கத்துக்கினாரு" என்பாள். திட்டமாட்டாள், சோறு போட்டுக்கொண்டேதான் சொல்வாள். பாவாவுக்குக் கொடுத்த வாக்கு. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இன்று அந்த மெத்தை வீடு இல்லை, இடித்துவிட்டுச் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். ஜில்லாவும் மாறிவிட்டது. ஹெட்கிளார்க், மஸ்தான் பாய், அந்த மாடியில் உட்கார்ந்து எழுதியவர்கள் யாரும் இல்லை. வாக்கையெல்லாம் இனி யாருக்காகக் காப்பாற்றுவது, சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால், நான் கற்றுக்கொடுக்கவில்லை அக்கா என்று சொன்னால் கேட்பதற்கு அக்காவும் இல்லை.